ஒரே பாடம், மூன்று நாள்; அதற்குப் பிறகு?



எஸ்.பி.எம். நெருங்கும்போது நம்ம வட்டாரத்தில் ஒரு வழக்கம் உண்டு. கோயில் மண்டபத்திலோ தமிழ்ப்பள்ளி மண்டபத்திலோ ஒரு பதாகை ஏறும்: 'கூடுதல் கணிதம், மூன்று நாள் தீவிரப் பயிற்சி, அனுமதி இலவசம்'. பசங்க வருவாங்க. கடவுள் வாழ்த்து, சிறப்புரை, கட்டுக் கட்டாகப் பயிற்சித் தாள், மத்தியானம் சாப்பாட்டுப் பொட்டலம், கடைசி நாள் குழுப்படம். பெற்றோருக்கும் திருப்தி, ஏற்பாட்டுக் குழுவுக்கும் திருப்தி.

இந்த உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. நானும் அந்த வெண்பலகை முன்னால் நிற்கிற ஆள்தான். பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். வீடு பெஸ்தாரி ஜெயா பக்கம். விடுமுறை விட்டால் சுற்றுவட்டாரத் தோட்டப் பிள்ளைகளுக்குக் கூடுதல் கணிதம் சொல்லித் தருகிறேன். மூன்று நாளில் நாம் கொடுப்பதில், மூன்று வாரம் கழித்து அந்தப் பிள்ளையிடம் எவ்வளவு மிச்சம் இருக்கும்? இந்த மாதப் பாடம் அந்தக் கேள்வியைப் பற்றியது.

1. ஏன் ஒரே பாடம்?

முதலில் நிலவரத்தைப் பார்ப்போம். யு.பி.எஸ்.ஆர். தேர்வை 2021இல் எடுத்துவிட்டார்கள். பி.டி.3 தேர்வு 2022இல் போனது. ஆகவே இன்றைக்கு ஐந்தாம் படிவத்தில் இருக்கிற பிள்ளைக்கு எஸ்.பி.எம்.தான் முதல் பெரிய அரசாங்கத் தேர்வு. நம்ம அண்ணன் அக்காமார் இரண்டு தேர்வு எழுதிப் பழகி மூன்றாவதாக இதில் உட்கார்ந்தார்கள். இவர்களுக்கு அந்த ஒத்திகை இல்லை.

அடுத்து, எல்லாப் பாடமும் ஒரே எடை கிடையாது. மலாய்மொழியில் தேறாவிட்டால் சான்றிதழ் இல்லை. 2013 முதல் வரலாறு, அதாவது செஜாராவும் அதே கணக்கில் சேர்ந்துவிட்டது. கூடுதல் கணிதம் வேறு வகை. அதில் தேறாவிட்டாலும் சான்றிதழ் கிடைக்கும். ஆனால் பொறியியல் பக்கம் போகும் பாதை அங்கேயே குறுகிவிடும். நான்காம் படிவத்தில் "ஆட் மெத்ஸ் நமக்கு வராது" என்று விட்டுவிடுகிற பிள்ளை, பதினாறு வயசில் எந்த வாசலை மூடினோம் என்று தெரியாமலே மூடிவிடுகிறது.

நம்ம ஊரில் தூரமும் ஒரு பிரச்சினை. மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917இல் கோலசிலாங்கூர் மாவட்டத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான் உருவானது. நூறு வருஷத்துக்கு மேல் ஆகியும் நம்ம குடியிருப்புகள் அந்தச் செம்பனைக்கு நடுவில் சிதறித்தான் கிடக்கின்றன. ராஜா மூசா, ரிவர்சைட், துவான் மீ, புக்கிட் ஈஜோக் என்று ஒவ்வொன்றும் ஒரு திசை. நல்ல டியூஷன் என்றால் ரவாங், கிள்ளான், ஷா ஆலம் என்று போக வேண்டும். காரும் வேண்டும், கொண்டுபோய் விட ஆளும் வேண்டும், மாதாமாதம் பணமும் வேண்டும். ஐந்து பாடத்துக்கு அது முடியாத காரியம். ஒரு பாடத்துக்கு, சில நாளுக்கு, நாமே ஆள் திரட்டலாம். தீவிரப் பயிற்சி நம்ம பக்கம் வேரூன்றியதற்குக் காரணம் இதுதான்.

2. நன்னூல் போட்ட கணக்கு

13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூலை நாம் இலக்கணப் புத்தகம் என்று மட்டும் நினைக்கிறோம். அதன் பாயிரத்தில் ஆசிரியர் எப்படி இருக்க வேண்டும், மாணவன் எப்படிப் படிக்க வேண்டும் என்றும் எழுதியிருக்கிறார். அதில் ஒரு கணக்கு வருகிறது. ஆசிரியர் சொல்வதை ஒழுங்காக வாங்கிக்கொண்டாலும் மாணவனுக்குக் கிடைப்பது கால் பங்குதான். கூடப் படிப்பவர்களோடு பழகிப் படிப்பதில் இன்னொரு கால் பங்கு. மீதி அரைப் பங்கு, தான் படித்ததை அடுத்தவருக்கு எடுத்துச் சொல்லும்போது வருகிறது.

இதை நம்ம முகாமோடு ஒப்பிட்டுப் பாருங்கள். காலை எட்டரை முதல் மாலை ஐந்து வரை அண்ணன் பேசுகிறார், பிள்ளை எழுதிக்கொள்கிறது. மூன்று நாளும் அந்த முதல் கால் பங்கிலேயே செலவாகிவிடுகிறது. அரைப் பங்கு யாருக்குப் போகிறது? எடுத்துச் சொன்ன நமக்குத்தான்! நான் பல்கலைக்கழகத்தில் படிக்கும் கணிதத்துக்கு அடித்தளம் கெட்டியானது இந்த மண்டபங்களில்தான். அந்த வாய்ப்பை உட்கார்ந்து எழுதுகிற பிள்ளைக்கும் தர வேண்டாமா?

இன்றைய ஆய்வும் பக்கத்திலேயே வந்து நிற்கிறது. 2006இல் அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களுக்கு ஒரு பகுதியைப் படிக்கக் கொடுத்தார்கள். சிலர் திரும்பவும் படித்தார்கள். சிலர் அதை மூடிவைத்து, நினைவில் இருப்பதை எழுதிப் பார்த்தார்கள். 5 நிமிஷம் கழித்து வைத்த தேர்வில் திரும்பப் படித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்த தேர்வில் மூடிவைத்து எழுதியவர்கள் முந்தினார்கள். முகாமின் கடைசி நாள் "புரிஞ்சுதா?" என்று கேட்டால் எல்லாக் கையும் மேலே போகும். அது 5 நிமிஷக் கணக்கு. தேர்வு மண்டபத்தில் வேண்டியது ஒரு வாரக் கணக்கு, ஒரு மாதக் கணக்கு.

3. அதே 24 மணி நேரம்

மூன்று நாள், நாளுக்கு 8 மணி நேரம்: மொத்தம் 24. இந்த நேரத்தைக் கூட்டச் சொல்லவில்லை, பிரிக்கச் சொல்கிறேன்.

அமெரிக்காவில் கொலராடோ கல்லூரி 1970 முதல் ஒரு நேரத்தில் ஒரே பாடம் என்ற முறையில் நடக்கிறது. ஒரு பாடத்தை எடுத்தால் அது முடியும் வரை வேறு பாடம் இல்லை. அங்கேயும் ஒரு பாடத்துக்கு மூன்றரை வாரம் கொடுக்கிறார்கள், மூன்று நாள் அல்ல. ஒரே பாடத்தில் மூழ்குவது நல்ல முறைதான், ஆனால் நடுநடுவே தூங்கி எழுந்து, மறந்து, மறுபடி நினைவுக்குக் கொண்டுவர நாட்கள் வேண்டும். ஜெர்மனியில் எபிங்ஹவுஸ் என்ற அறிஞர் அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, தன்னையே சோதித்து, 1885இல் ஒரு நூல் வெளியிட்டார். மறதி முதல் நாளிலேயே வேகமாக நடக்கிறது, இடைவெளி விட்டுப் படித்தால் அதிகம் நிற்கிறது என்று அதில் காட்டினார்.

ஆகவே என் யோசனை இது. ஒரு சனி ஞாயிறு, நாளுக்கு 6 மணி நேரம்: 12 மணி நேரம். அதற்குப் பிறகு ஆறு ஞாயிற்றுக்கிழமை, தலா 2 மணி நேரம்: இன்னொரு 12. மொத்தம் அதே 24. காலையில் தேவார வகுப்பு நடக்கிற கோயிலில் அது முடிந்த கையோடு அதே மண்டபத்தில் உட்காரலாம். பிள்ளைகளை இரண்டு தடவை அழைத்து வரத் தேவையில்லை.

ஒவ்வொரு மணி நேரத்தையும் நன்னூல் கணக்குப்படி பிரிக்கலாம். 15 நிமிஷம் அண்ணனோ அக்காவோ ஒரே ஒரு கருத்தைச் சொல்லித் தருவது. 15 நிமிஷம் இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து கணக்குப் போடுவது. மீதி 30 நிமிஷம் பிள்ளைகளே பலகைக்கு வந்து, "இந்த வரியை ஏன் எழுதினேன்" என்று மற்றவர்களுக்குச் சொல்வது. முதல் நாள் யாரும் எழுந்து வரமாட்டாங்க. வெட்கம். ஒருத்தர் வந்துவிட்டால் அடுத்தவர் தானாக வருவார்.

4. எங்கிருந்து தொடங்குவது?

கூடுதல் கணிதத்தில் நான்காம் படிவத்துக்கு 10 தலைப்பு, ஐந்தாம் படிவத்துக்கு 8, ஆக 18. முகாமில் பதினெட்டையும் தொட வேண்டும் என்று ஓடினால் எதுவும் கையில் நிற்காது. நான் தலைப்புகளைச் சங்கிலிகளாகப் பார்க்கிறேன். அடுக்குகளும் லொகரித்மாவும் தெரியாமல் நேரியல் விதி வராது. டிஃபரன்சியேஷன் தெரியாமல் இன்டகிரேஷன் வராது, இரண்டும் இல்லாமல் நேர்கோட்டு இயக்கம் வராது. சேர்வு தெரியாமல் ஈருறுப்புப் பரவல் வராது. ரேடியன் தெரியாமல் முக்கோணவியல் சார்புகள் தடுமாறும். "எனக்கு கினமாதிக் வராதுண்ணே" என்று ஒரு தம்பி சொன்னால், பெரும்பாலும் அவனுக்கு வராதது கினமாதிக் இல்லை. அதற்கு இரண்டு கண்ணி முன்னால் எங்கேயோ அறுந்திருக்கும்.

அதனால் முதல் சனிக்கிழமையின் முதல் ஒரு மணி நேரம் பாடம் வேண்டாம். ஒவ்வொரு சங்கிலியிலிருந்தும் இரண்டு சின்னக் கணக்கு கொடுத்து, யாருக்கு எந்தக் கண்ணி அறுந்திருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு குழு பிரியுங்கள்.

ரொம்பப் பின்தங்கிய பிள்ளைக்கு வேறு வாசல் இருக்கிறது. புதிய பாடத்திட்டத்தின்படி 2021 எஸ்.பி.எம். முதல் நடப்பில் உள்ள அமைப்பில் முதல் தாளுக்கு 80 புள்ளி, இரண்டாம் தாளுக்கு 100. இரண்டாம் தாளின் மூன்றாம் பிரிவில் நான்கு கேள்வி வரும்: முக்கோணத் தீர்வு, குறியீட்டெண், நேரியல் திட்டமிடல், நேர்கோட்டு இயக்கம். அதில் இரண்டு எழுதினால் போதும், ஒன்றுக்கு 10 புள்ளி. இந்த நான்கில் இயக்கத்துக்கு மட்டும்தான் நீளமான சங்கிலி. குறியீட்டெண்ணுக்கு, அதாவது பள்ளியில் சொல்லும் 'நொம்போர் இண்டெக்ஸ்' தலைப்புக்கு, விழுக்காடும் பெருக்கல் வகுத்தலும் தெரிந்தால் தொடங்கலாம்.

ஒரு எடுத்துக்காட்டு. 2020இல் ஒரு பொருள் 8 வெள்ளி, 2023இல் 10 வெள்ளி. 2020ஐ அடிப்படை ஆண்டாக வைத்தால் குறியீட்டெண்: 10ஐ 8ஆல் வகுத்து 100ஆல் பெருக்கினால் 125. விலை 25 விழுக்காடு ஏறியிருக்கிறது. இப்போது 2023ஐ அடிப்படையாக வைத்து 2020க்குக் கேட்டால்? நிறைய பேர் 75 என்று எழுதுவார்கள். சரியான விடை 80. 8ஐ 10ஆல் வகுக்க வேண்டும். ஏறும்போது 25 விழுக்காடு, அதே தூரம் இறங்கும்போது 20 விழுக்காடு. எதைக் கீழே வைத்து வகுக்கிறோம் என்பதுதான் முழு விஷயமும்.

இனி கூட்டுக் குறியீட்டெண். வீட்டுச் செலவில் அரிசியின் குறியீட்டெண் 120, எடை 5. எண்ணெய் 150, எடை 3. சீனி 110, எடை 2 என்று வைத்துக்கொள்வோம். 120ஐ 5ஆல் பெருக்கினால் 600, 150ஐ 3ஆல் பெருக்கினால் 450, 110ஐ 2ஆல் பெருக்கினால் 220. கூட்டினால் 1270. எடைகளின் கூட்டுத்தொகை 10. வகுத்தால் 127. அடிப்படை ஆண்டில் இந்தச் செலவு 400 வெள்ளி என்றால் இப்போது 508 வெள்ளி. ஜெராம் பக்கத்திலிருந்து வந்த ஒரு தங்கை இதைப் பலகையில் போட்டுவிட்டு, "எண்ணெய்தான் ரொம்ப ஏறிச்சு, ஆனா அரிசிதான் அதிகம் வாங்குறோம், அதான் 127ல நிக்குது" என்றாள். அண்ணன்மார் அரை மணி நேரம் பேசியும் அவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்க மாட்டோம்.

இரண்டு கேள்விக்கு 20 புள்ளி, மொத்தம் 180இல் ஒன்பதில் ஒரு பங்கு. 'எனக்கு ஒரு கேள்வியாவது முழுசா வரும்' என்ற தைரியம் வந்த பிள்ளைதான் மற்ற சங்கிலிகளைத் தொடத் துணியும்.

5. எந்த மொழியில்?

தமிழ்ப்பள்ளியில் ஆறு வருஷம் தமிழில் கணக்குப் படித்த பிள்ளை, இடைநிலைப்பள்ளியில் அதை மலாயில் சந்திக்கிறது. பல சமயம் கணக்குத் தெரியும், கேள்வி என்ன கேட்கிறது என்பது தெரியாது. நான் தமிழில் விளக்குகிறேன், தேர்வுச் சொற்களை மட்டும் மலாயிலேயே பழக்குகிறேன். கேள்வித்தாள் மலாய், ஆங்கிலம் இரண்டிலும் இருப்பதால் ஒன்றில் புரியாததை மற்றதில் தேடவும் சொல்லித் தருகிறேன்.

கேள்வியின் வினைச்சொற்களைத் தனியாகப் பட்டியல் போட வையுங்கள். 'லக்கார்' என்றால் வடிவம் தெரியும்படி உருவரை போட்டால் போதும். 'லுக்கிஸ்' என்றால் அளவோடு சரியாக வரைய வேண்டும். 'துன்ஜுக்கான்' என்றால் விடை ஏற்கெனவே கொடுத்தாயிற்று, நீ வழியைக் காட்ட வேண்டும். கடைசி வரியை மட்டும் எழுதினால் புள்ளி கிடைக்காது. இந்தப் பட்டியல் பத்து நிமிஷ வேலை. இயற்பியல், வேதியியல் தாளுக்கும் உதவும்.

6. ஒரே பாடத்தில் ஒரு எச்சரிக்கை

ராமானுஜனை எல்லோருக்கும் தெரியும். 1904இல் உதவித்தொகையோடு கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்தார். கணக்கிலேயே மூழ்கி மற்ற பாடங்களைக் கைவிட்டதால் அந்த உதவித்தொகை போனது. பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. தேர்வில் தேற முடியவில்லை. அவர் மேதை, பின்னால் கேம்பிரிட்ஜ் வரை போனார். நடுவில் பட்ட வறுமையும் அலைச்சலும் கொஞ்சநஞ்சமில்லை.

நம்ம பிள்ளை கூடுதல் கணிதத்தில் ஏ எடுத்து செஜாராவில் ஜி வாங்கினால் கையில் சான்றிதழே இருக்காது. ஆகவே கூடுதல் கணித முகாமில் பெயர் பதியும்போதே ஒரு கேள்வி கேளுங்கள்: "கடைசிச் சோதனையில் மலாய்மொழி எத்தனை, செஜாரா எத்தனை?" அதில் தடுமாறுகிற பிள்ளைக்கு அந்த இரண்டில் ஒன்றுதான் முதல் தீவிரப் பயிற்சி. அதைச் சொல்லத் தயங்கக் கூடாது. மண்டபம் நிறைய வேண்டும் என்று அந்தப் பிள்ளையைக் கணக்கில் உட்கார வைப்பது சேவை ஆகாது.

7. பொறுப்பாளர்களுக்கு

நமக்கு முன்னோடிகள் இருக்கிறார்கள். 1982இல் டாக்டர் தம்பிராஜா பல்கலைக்கழக மாணவர்களைச் சேர்த்துக்கொண்டு ஸ்ரீ முருகன் நிலையத்தைத் தொடங்கினார். பத்துமலையில் அவர்கள் நடத்தும் கல்வி யாத்திரை நம்மில் பலருக்குத் தெரியும். வழிபாட்டையும் வாரயிறுதி வகுப்பையும் சேர்த்து, படித்த அண்ணன் அக்காவே ஆசிரியராக நிற்கும் வழி அது. அங்கே நான் கவனித்த பெரிய பலம், வகுப்பு வாராவாரம் நடப்பது.

கிளைகளுக்கு நான் சொல்ல நினைப்பது நான்கு.

ஒன்று, போக்குவரத்தை முதலில் முடிவு செய்யுங்கள். ஆறாவது ஞாயிறு யார் வேனை ஓட்டுவது என்று தெரிந்த பிறகு பதாகை அடியுங்கள். பெண் பிள்ளைகளை வீட்டு வாசல் வரை கொண்டுபோய் விட வேண்டும். இல்லாவிட்டால் இரண்டாவது வாரமே அவர்கள் நின்றுவிடுவார்கள், பெற்றோரைக் குறை சொல்ல முடியாது.

இரண்டு, பத்துப் பிள்ளைக்கு ஒரு அண்ணன் அல்லது அக்கா. பேச்சாளர் பெயர் பெரியதாக இருப்பதைவிட இது முக்கியம்.

மூன்று, ஒவ்வொரு தோட்டத்திலும் மூன்று நான்கு பேர் சேர்ந்த ஒரு படிப்பு வட்டம். வார நாளில் ஒரு மாலை, ஒருவர் வீட்டு வாசலில், ஒரு மணி நேரம். ஐந்தாம் படிவப் பிள்ளை நான்காம் படிவப் பிள்ளைக்குச் சொல்லித் தரட்டும். பவணந்தியார் சொன்ன அரைப் பங்கு அங்கேதான் கிடைக்கும். அடுத்த வருஷ முகாமுக்கு ஆசிரியரும் அங்கேதான் உருவாவார்கள்.

நான்கு, நவராத்திரியைப் பயன்படுத்துங்கள். சரஸ்வதி பூசையன்று புத்தகத்தை அடுக்கி வைத்துக் கும்பிடுகிறோம். விஜயதசமியன்று அதை எடுத்துப் பிரிக்கும்போது, முகாமில் போட்ட பழைய கணக்கு ஒன்றைத் தாளைப் பார்க்காமல் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். நாம் சொல்லிக் கொடுத்தது எவ்வளவு நின்றிருக்கிறது என்று அன்றைக்கே தெரிந்துவிடும்.

கிளைக் கூட்டத்தில் கலந்துரையாட

1. உங்கள் கிளை கடைசியாக நடத்திய தீவிரப் பயிற்சிக்கு வந்த பிள்ளைகளில் எத்தனை பேரை ஒரு மாதம் கழித்துச் சந்தித்தீர்கள்?

2. உங்கள் தோட்டத்தில் நான்காம் படிவத்தில் கூடுதல் கணிதம் எடுத்தவர்கள் யார் யார்? விட்டவர்கள் ஏன் விட்டார்கள்? வீட்டுக்குப் போய்க் கேட்டு வாருங்கள்.

3. 24 மணி நேரத்தை உங்கள் ஊர்ப் போக்குவரத்துக்கும் கோயில் நிகழ்ச்சிகளுக்கும் ஏற்ப எப்படிப் பிரிப்பீர்கள்? ஒரு தாளில் அட்டவணை போடுங்கள்.

4. செஜாராவுக்கோ மலாய்மொழிக்கோ ஒரு பயிற்சி வைத்தால், 15, 15, 30 நிமிஷக் கணக்கை அதில் எப்படிப் பொருத்துவீர்கள்?

5. இந்தக் கூட்டத்தில் இருக்கிற கல்லூரி மாணவர்களே, ஆறு ஞாயிறு, தலா 2 மணி நேரம். யார் வருகிறீர்கள்? பெயரையும் தேதியையும் இன்றைக்கே குறிப்பேட்டில் எழுதிவிட்டுப் போங்கள்.